எள்ளலும் இடித்துரையும்

இசை விமரிசகர் சுப்புடுவைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவருடைய எழுத்தால் நொந்துபோன சபா ஒன்று, நாய்களுக்கும் சுப்புடுவுக்கும் உள்ளே இடமில்லை என்ற பொருளில் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகையை மாட்டிவைத்ததாம். கதையில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு கச்சேரி வட்டாரத்துக் கைச்சரக்கு என்பதைப் பற்றி நாம் இங்கு வழக்காடப் போவதில்லை. இராகம், தாளம், சாரீரம் ஆகியவற்றைப் பற்றி எழுதிய ஒரு மனிதர் இத்தகைய கதைக்கு நாயகராக முடிந்தது என்பதே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அரசியலைப் பற்றி எழுதியவர் பகைவரைச் சம்பாதிப்பது இயல்பு. பாட்டைப் பற்றி எழுதியவர் மீது ஏன் இத்தனை சினம்?

பி. வி. சுப்பிரமணியம் என்பது அவரது முழுப்பெயர். 1917-ஆம் ஆண்டு பிறந்து, தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்து, 2007-ஆம் ஆண்டு டில்லியில் காலமானார். அவர் இளமையைக் கழித்தது பர்மாவில். பர்மா என்றால் செட்டிநாட்டாருக்கு விளக்கம் தேவையில்லை. கோவிலூரைச் சுற்றியுள்ள ஊர்களின் பழைய வீடுகளில் அந்நாட்டுத் தேக்கு இன்றும் தூணாக நிற்கிறது. 1942-ஆம் ஆண்டு ஜப்பானியப் படைகள் பர்மாவுக்குள் புகுந்தபோது கடையையும் கணக்கையும் அப்படியே விட்டுவிட்டு, காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்களைப் பற்றிய பேச்சு இப்பகுதிக் குடும்பங்களில் இன்னும் ஓயவில்லை. சுப்புடுவும் அவ்வாறு நடந்து வந்தவர்களுள் ஒருவர். பின்னர் நிதியமைச்சகத்தில் அலுவலராகப் பணியாற்றிக்கொண்டே, 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழிலும் தமிழ் இதழ்களிலும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இசையையும் நடனத்தையும் பற்றி எழுதினார். பெரும்பாலும் கேள்வி ஞானத்தால் வளர்ந்தவர். ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர். விமரிசனம் அவருக்குச் சோறு போடவில்லை. எனவே சோற்றுக்காக அவர் யாரையும் புகழ வேண்டியிருக்கவில்லை. இதனை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் கையாண்ட ஆயுதங்கள் சிலேடையும் குத்தலும். புகழின் உச்சியில் இருந்தோரையும் அவர் விட்டுவைக்கவில்லை. டிசம்பர் மாதத்தில் அவர் சென்னைக்கு வந்து இறங்கினால் பாடுபவர்களுக்கு மார்கழிக் குளிர் சற்று அதிகமாகவே தெரிந்திருக்கும். இளையோர் பலரை அவர் தட்டிக்கொடுத்து வளர்த்தார் என்பதும் உண்மை. ஆனால் அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. மறுநாள் காலை நாளிதழைப் பிரித்தவர்கள், எந்தக் கச்சேரி நன்றாக இருந்தது என்பதைவிட, நேற்று இரவு யாருக்கு அடி விழுந்தது என்பதையே முதலில் தேடினார்கள் என்று அக்காலத்து ரசிகர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் சற்று ஒதுக்கி வைத்திருக்க வேண்டுகிறோம்; பின்னர் அதற்கு வருவோம்.

இத்தகைய விமரிசகரைப் பார்த்து எல்லாரும் எளிதாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இவ்வளவு தெரிந்தவர் தாமே மேடையேறிப் பாடிக் காட்ட வேண்டியதுதானே? இக்கேள்வியை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. குழம்பில் உப்பில்லை என்று சொல்வதற்குச் சமையற்காரராக இருக்க வேண்டும் என்ற விதி செட்டிநாட்டில் கூடக் கிடையாது. நாவு இருந்தால் போதும். காது உள்ளவன் அபசுரத்தை அறிவான்.

இன்னும் சொல்லப்போனால், குறையைக் குறை என்று சொல்பவர் ஒருவர் தேவைப்படுகிறார். நம் காலம் பொன்னாடைக் காலம். ஊர்த் திருவிழா ஆனாலும் இலக்கிய விழா ஆனாலும், மேடையில் இருப்போர் அனைவரும் மேடையில் இருப்போர் அனைவருக்கும் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் கூட்டம் பாதி கலைந்துவிடுகிறது. போர்த்துகிறவருக்கும் போர்த்தப்படுகிறவருக்கும் அதில் நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை. அனைவரும் 'இசைப் பேரரசு' ஆகிவிட்ட நாட்டில், பத்து ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்தவனுக்கும், பதினைந்து நாள் பயிற்சியோடு மேடையேறியவனுக்கும் என்ன வேறுபாடு? பொய்யான புகழ்ச்சி உழைத்தவனிடமிருந்து அவனுக்கு உரியதைத் திருடி, உழையாதவனுக்குக் கொடுக்கிறது. வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதே வள்ளுவர், பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், இடித்துரைப்பார் இல்லாத அரசன் கெடுப்பாரின்றியே கெடுவான் என்ற கருத்தையும் வைத்தார். இரண்டையும் எழுதியது ஒரே கை. புறங்கூறலை வெறுத்ததால் அவர் இடித்துரையை விலக்கிவிடவில்லை.

சுப்புடுவுக்கு முன்பே தமிழில் இந்தப் பாதையைப் போட்டவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. 1930-களில் 'ஆனந்த விகட'னில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' என்னும் பகுதியை அவர் எழுதினார். பழம்போக்கு உடையவனைக் 'கர்நாடகம்' என்று கேலி செய்வது அன்றைய பேச்சு வழக்கு. பிறரைக் கிண்டல் செய்யப் புறப்பட்டவர் முதற்கிண்டலைத் தமக்கே சூட்டிக்கொண்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருடைய நகைச்சுவை தனி மனிதரையும் தொட்டதுண்டு. ஆயினும் அதன் பெரும் வீச்சு ஒரு வழக்கத்தின் மீது பாய்ந்தது. தமிழ்நாட்டில், தமிழர் முன்னிலையில், மூன்று மணி நேரக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசிப் பத்து நிமிடம், அதற்குத் 'துக்கடா' என்று ஒரு பெயர். 1878-ஆம் ஆண்டிலேயே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்ட நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பாடல்களுக்கும் மேடையில் கிடைத்து வந்தது பெரும்பாலும் இந்தத் துக்கடா இடமே. நம் கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. மியூசிக் அகாதெமி வட்டாரத்திலிருந்து கடும் எதிர்ப்பு வந்தபோது, கல்கி தமிழிசையின் பக்கம் நின்று எழுதினார். அந்த எழுத்தில் சிரிப்பு உண்டு. சிரித்து முடித்த வாசகனுக்கு இனி என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தது. சபாவின் படியை மிதித்தறியாத எத்தனையோ பேர் அவரைப் படித்துச் சங்கீதம் கேட்க வந்தார்கள். ஆகையால், நகைச்சுவையோடு எழுதுவதே தவறு என்று சொல்லும் கூட்டத்தில் நாம் இல்லை.

அப்படியானால் தவறு எங்கே தொடங்குகிறது? குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாள்களில் புனித தாமஸ் அக்குவினாசின் இறையியல் தொகுப்பில் நாம் கண்ட ஒரு பகுதி இங்கு நமக்கு உதவுகிறது. நீதிமன்றத்திற்கு வெளியே, சொல்லால் அயலானுக்குச் செய்யப்படும் தீங்குகளை அவர் ஐந்தாகப் பிரிக்கிறார்: முகத்துக்கு நேரே இழிவுபடுத்தும் வசை, மறைவில் பெயரைக் கெடுக்கும் புறங்கூறல், நண்பர்களைப் பிரிக்கும் கோள், எள்ளல், சாபம். எள்ளலை அவர் வசையிலிருந்து பிரித்துத் தனியே வைத்தது ஏன்? வசையின் இலக்கு ஒருவனுடைய மதிப்பு. எள்ளலின் இலக்கு அவனுடைய முகம் வெட்கத்தால் சிவப்பது. இவ்விரண்டில் எள்ளலையே அவர் கொடியது என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் நுட்பமானது. வசைபாடுகிறவன் எதிராளியின் குறையைப் பெரிதாகவாவது எடுத்துக்கொள்கிறான். அவனுக்குக் கோபம் வருகிறது. கோபம் ஒருவகையில் மரியாதைதான். எள்ளுகிறவனோ அடுத்தவனுடைய குறையை விளையாட்டுப் பொருளாக்குகிறான். கோபப்படுவதற்குக் கூடத் தகுதியில்லாதவன் நீ என்று அவன் சொல்லாமல் சொல்கிறான்.

இதைப் படித்துவிட்டு அக்குவினாஸ் சிரிப்பை வெறுத்த முசுட்டுத் துறவி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அளவறிந்த விளையாட்டுப் பேச்சை அவர் நற்பண்புகளின் வரிசையில் சேர்க்கிறார். தானும் சிரிக்காமல் பிறரையும் சிரிக்கவிடாமல் இருப்பதைக் குற்றம் என்றே எழுதுகிறார். (நம் குருக்களில் சிலர் அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே குருமடத்தை விட்டு வெளியேறியிருப்பார்கள் போலும்.)

இசை உலகில் எள்ளல் என்ன செய்ய வல்லது என்பதற்கு ரஷ்யாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1897-ஆம் ஆண்டு மார்ச் மாதம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் செர்கெய் ராக்மானினோவ் என்னும் இளைஞரின் முதல் சிம்பொனி அரங்கேறியது. சிம்பொனி என்பது பெரிய இசைக்குழு முழுவதும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட உருப்படி. அவருக்கு அப்போது வயது 23. இசைக்குழுவுக்குப் போதிய ஒத்திகை இல்லை. நடத்தியவர் கிளாசுனோவ், அவர் அன்று தெளிவோடு இருந்தாரா என்பதிலேயே பின்னாளில் ஐயம் எழுப்பப்பட்டது. வாசிப்பு படுதோல்வி. அதைக் கேட்டுவிட்டு எழுத அமர்ந்தவர் சேசர் கூய். இவர் தாமும் இசையமைப்பாளர். அதோடு இராணுவப் பொறியியல் கழகத்தில் கோட்டை அரண் அமைப்பதைக் கற்பித்த பேராசிரியர். கோட்டைகளைக் காக்கக் கற்பித்தவர், பேனாவைத் தொட்டால் தாக்குவதையே விரும்பினார். நரகத்தில் ஓர் இசைக்கல்லூரி இருக்குமானால், அதன் மாணவன் ஒருவன் எகிப்தின் மேல் விழுந்த வாதைகளைக் கருப்பொருளாகக் கொண்டு ஓர் உருப்படி அமைத்தால், அது இப்படித்தான் இருக்கும், நரகவாசிகளும் மகிழ்ந்திருப்பார்கள் என்ற பாணியில் அவர் எழுதினார்.

படிப்பவனுக்குச் சிரிப்பு வருகிறது, நமக்கும் வந்தது. வேதாகமம் அறிந்தவனுக்கு இன்னும் சற்று அதிகமாகவே வரும். ஆனால் அந்த நகைச்சுவையிலிருந்து அன்று கெட்டது எது என்பதை அறிய முடிகிறதா? இசையமைப்பா, ஒத்திகை போதாமையா, நடத்தியவரின் நிலையா? எதுவும் தெரியவில்லை. நரகமும் எகிப்தும் தெரிகின்றன, கூயின் கூர்மை தெரிகிறது, சிம்பொனியைக் காணோம்.

ராக்மானினோவ் அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் குறிப்பிடத்தக்க எதையும் இயற்றவில்லை. கூயின் எழுத்து ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. தம் படைப்பை மேடையில் கேட்டபோதே அவருடைய உள்ளம் உடைந்துவிட்டது. உடைந்து கிடந்தவர் மேல் அந்தச் சிரிப்பு வந்து விழுந்தது என்பதுவரை சொல்லலாம். 1900-ஆம் ஆண்டு நிக்கொலாய் டால் என்னும் மருத்துவர், நாள்தோறும் அவரை அமரவைத்து, நீ மீண்டும் எழுதுவாய், நன்றாக எழுதுவாய் என்று அவர் மனத்தில் ஊன்றிவந்தார். அடுத்த ஆண்டு நிறைவுற்ற இரண்டாவது பியானோ கன்செர்ட்டோ, இன்று உலகெங்கும் மிகுதியாக வாசிக்கப்படும் படைப்புகளுள் ஒன்று. அது அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. முதல் சிம்பொனியை மட்டும் அவர் தம் வாழ்நாளில் மீண்டும் வாசிக்க விடவில்லை. 1917-இல் நாட்டை விட்டு வெளியேறியபோது மூலப்பிரதி காணாமற்போனது. 1943-இல் அவர் இறந்தபின், ஒவ்வொரு வாத்தியக்காரருக்குமாகத் தனித்தனியே எழுதப்பட்டிருந்த தாள்கள் லெனின்கிராடில் கிடைத்தன. அவற்றை ஒன்றுசேர்த்து 1945-இல் மாஸ்கோவில் அதை வாசித்தார்கள். நல்ல படைப்பு என்று கேட்டவர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் கூய் 1918-ஆம் ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒருவனுடைய பெயரைக் கெடுத்தவன் பாவமன்னிப்புப் பெற்றால் மட்டும் போதாது, கெடுத்ததை ஈடுசெய்யவும் வேண்டும் என்பது நம் திருச்சபையின் பழைய போதனை. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆயிரம் பேர் சிரித்த சிரிப்பை எவ்வாறு திருப்பிக் கொடுப்பது? மறுவாரம் வெளியாகும் திருத்தத்தை ஆயிரம் பேரில் பத்துப் பேர் படிப்பார்களா? நாளிதழ்கள் திருத்தத்தைப் பெரும்பாலும் முதற்பக்கத்தில் போடுவதில்லை.

கோவிலூரில் அமர்ந்து இதனை எழுதும் நமக்கு, இவ்வூர் மடாலயத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. தமிழ் வழியாக வேதாந்தம் பயிற்றுவிப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய நிலையம் இது. அவர்களுடைய கொள்கையும் நம்முடைய நம்பிக்கையும் வேறு வேறு. ஆனால் வாதம் செய்யும் முறையில் ஓர் உறவு உண்டு. இந்நாட்டுத் தத்துவ மரபுகளில், தன் முடிவைச் சொல்லுமுன் எதிர்த்தரப்பை எடுத்துரைக்க வேண்டும். அதனைப் பூர்வபட்சம் என்பர். எதிர்த்தரப்பை நொண்டியாகக் காட்டிவிட்டு வெல்வது வெற்றியாகாது. அதன் முழு வலிமையோடு நிறுத்திவிட்டு வெல்ல வேண்டும். அக்குவினாசின் நூலிலும் ஒவ்வொரு வினாவும் மறுப்போரின் வாதங்களோடுதான் தொடங்குகிறது. சில இடங்களில் அந்த மறுப்புகளை அவர் மறுப்போரைவிடச் சிறப்பாகவே எடுத்து வைத்துவிடுகிறார். குருமடத்து மாணவர்கள் மறுப்புகளைப் படித்து அதிலேயே தங்கிவிடுவதும் உண்டு!

இசை விமரிசகனுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும் என்று நாம் கருதுகிறோம். பாடியவர் என்ன செய்ய முயன்றார் என்பதை, அவரே படித்து 'ஆம், அதைத்தான் முயன்றேன்' என்று ஏற்கும் வகையில் முதலில் சொல்ல வேண்டும். அதன்பின் 'முயன்றது கூடவில்லை' என்பதை எவ்வளவு கடுமையாகவும் சொல்லலாம். நிரவலில் சாகித்தியத்தின் சொற்களைப் பிய்த்துப் பொருளைக் கெடுத்தார் என்று எழுதலாம். மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கியது என்று எழுதலாம். மொழி அறியாமல் உச்சரித்தார் என்று எழுதலாம். இவையெல்லாம் நாளை மாற்றிக்கொள்ளக் கூடியவை. அவருடைய உருவத்தையும் வயதையும் பற்றிச் சிலேடை புனைந்தால், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

காரைக்குடியில் 1939-ஆம் ஆண்டு சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அக்கழகத்தோடு தொடக்க நாள்களிலிருந்தே தொடர்புடைய ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரும் ஒரு வகையில் சர்ச்சைக்குரிய விமரிசகர்தாம். கம்பராமாயணத்தில் காணும் பாடல்களில் பல கம்பருடையவை அல்ல என்று தள்ளினார். ஓசைக்கும் உணர்ச்சிக்கும் பொருந்தாத சொற்களை மாற்றியும் பதிப்பித்தார். புலவர்கள் கொதித்தார்கள், அவர்கள் கொதித்ததில் நியாயமும் இருந்தது. ஏடு சொல்வதை விட்டுவிட்டு என் காது சொல்வதை நம்பு என்பது ஆபத்தான வழி. ஆனால் அவர் தள்ளிய பாடல்களால் அவரை இன்று யாரும் நினைப்பதில்லை. ஒரு பாடலை எடுத்து, மீண்டும் மீண்டும் சொல்லி, கேட்பவனையும் அதில் காதல் கொள்ளவைத்த வித்தைக்காக நினைக்கிறார்கள். மக்கள் அவருக்கு இட்ட பெயரே 'ரசிகமணி'.

இவையெல்லாம் பெரியோர் கதை, நமக்கு என்ன என்று கேட்கும் வாசகர்களுக்காக ஒரு சிறு நிகழ்ச்சி. இப்பகுதிப் பங்கு ஒன்றில், பாஸ்கா திருவிழிப்பில், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை பதிலுரைப் பாடலை எடுத்தாள். செங்கடலைக் கடந்த வாசகத்தை அடுத்து வரும் பாடல் அது. பதற்றத்தில் சுருதியை உயர்த்தி எடுத்துவிட்டாள். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. கீபோர்டு ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் போயின. மறுநாள் பெருவிழா விருந்தின்போது கீபோர்டு வாசிக்கும் இளைஞர் அவள் பாடியதைப் போலவே பாடிக் காட்டினார். நல்ல ஞானமுள்ளவர், குரல் உடைந்த இடம்கூடத் துல்லியமாக வந்தது. ஒருவர் அதைச் செல்பேசியில் பதிந்து மற்றவர்களுக்கு அனுப்பினார். மாலைக்குள் அது அவளிடமே வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவள் பாடகர் குழுவுக்கு வருவதில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வருகிறாள். தூணுக்குப் பின்னால் நின்று வாய் திறவாமல் போய்விடுகிறாள்.

"அபசுரத்தை அபசுரம் என்று சொன்னது குற்றமா, சாமி?" என்று அந்த இளைஞர் கேட்டார். கேள்வி நியாயமானது. அது அபசுரமே. "அவளிடம் சொன்னாயா, தம்பி?" என்று கேட்டோம். அவர் பேசவில்லை. ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார், அவளைத் தவிர. ஒரு கட்டை குறைத்து எடுத்திருந்தால் அந்தப் பாட்டு அவளுக்கு வசமாகியிருக்கும் என்பது ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கச்சேரி விமரிசகரின் நிலை இதிலிருந்து வேறு என்பதை மறுப்பதற்கில்லை. மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னபடி, முதலில் தனிமையில் சென்று எடுத்துரைக்க அவரால் இயலாது. சீட்டு விற்று நடந்த கச்சேரி பொது நிகழ்ச்சி. பொதுவில் நடந்ததைப் பொதுவில் கண்டிப்பது தகும் என்று அக்குவினாசும் ஒப்புகிறார். விமரிசகர் வாசகர்களுக்காகத்தான் எழுதுகிறார். ஆனால் அவர்களுடைய முகத்தில் எதைப் பார்க்க விரும்பி எழுதுகிறார்? தெளிவையா, சிரிப்பையா? இரண்டும் சேர்ந்தே வரலாம், கல்கியிடம் வந்தன. சுப்புடுவின் எழுத்திலும் சேர்ந்து வந்த நாள்கள் உண்டு. கூர்மையான காது இல்லாதவரைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. ஆனால் ஒரு விமரிசகருக்குக் குத்தலுக்காகவே பெயர் ஏற்பட்டுவிட்டால், அப்பெயருக்கு அவர் அடிமையாகிவிடுகிறார். கச்சேரி நன்றாக இருந்த இரவில் அவருக்கு எழுத ஒன்றும் கிடைப்பதில்லை. யாராவது விழ வேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்குகிறார். அவரை அந்நிலையில் நிறுத்தியவர் யார்?

முன்னர் ஒதுக்கி வைக்கச் சொன்ன செய்திக்கு இப்போது வருகிறோம். நேற்று யாருக்கு அடி விழுந்தது என்று காலையில் நாளிதழைப் புரட்டியவர்கள், கொலைகாரரோ கொடியவரோ அல்லர். காபி அருந்திக்கொண்டிருந்த நல்ல மனிதர்கள். புறங்கூறுகிறவன், அதைக் காதுகொடுத்துக் கேட்கிறவன் ஆகிய இருவரில் எவன் பெரிய குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று என்கிறார் புனித பெர்னார்து. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி சொன்னதை இன்றைய வணிகம் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறது. ஒரு புதுப்படத்தைப் பாராட்டி ஒருவர் பேசிய ஒளிப்பதிவையும், இன்னொருவர் கிழித்துத் தோரணம் கட்டியதையும் அருகருகே வைத்தால், எதனை மக்கள் நாடிச் சென்று பார்க்கிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பார்த்தவர் தொகைக்கு ஏற்பப் பேசியவருக்குப் பணம். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, திரையரங்கு வளாகத்துக்குள் இத்தகைய விமரிசன ஒளிப்பதிவுக்கு இடம்தரக் கூடாது என்று திரையரங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. சபா வாயிலில் மாட்டியதாகச் சொல்லும் அந்தப் பலகையின் மறுபதிப்பு இது! பலகை மாட்டுவதில் நமக்கு நம்பிக்கை இல்லை. கெட்ட படத்தைக் கெட்ட படம் என்று சொல்ல ஏழை ரசிகனுக்கு உரிமை உண்டு. அவன் கொடுத்த காசு தயாரிப்பாளருக்கு எவ்வளவு சிறிதோ, அவனுக்கு அவ்வளவு பெரிது. அந்த உரிமையில் கைவைத்தால் எஞ்சுவது பொன்னாடை மட்டுமே.

பலகையால் அடையாதது செவியால் அடையுமா என்று தெரியவில்லை. மேற்சொன்ன பங்கின் விருந்தில், அன்று அந்த இளைஞர் முதல் அடியைப் பாடியபோது யாரும் சிரித்திராவிட்டால் இரண்டாவது அடியைப் பாடியிருப்பாரா? குரல் உடைந்த இடம் அந்த இரண்டாவது அடியில்தான் இருந்தது. சிரித்தவர்களில் பக்த சபைத் தலைவர்கள் இருந்தார்கள்; அன்பியப் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரும் இதனை ஒரு பொருட்டாக நினைத்ததாகத் தெரியவில்லை. சொன்னவர் அவர், நாம் சும்மா சிரித்தோம் என்பதே அவர்கள் எண்ணம்.

அப்பங்கின் பாடகர் குழுவில் இப்போது ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஒத்திகையில், பிறர் பாட்டில் தவறு கண்டவர் எழுந்து நின்று, தவறிய இடத்தைப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டு, அந்த அடியைத் தாமே சரியாகப் பாடிக் காட்ட வேண்டும். வழக்கம் வந்தபின் எழுந்து நிற்போர் வெகுவாகக் குறைந்துவிட்டனர். கீபோர்டு வாசிக்கும் இளைஞர் மட்டும் வாரந்தோறும் எழுகிறார். பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார். சென்ற மாதம் ஒருநாள் அவர் பாடிக் காட்டிய அடியிலேயே சுருதி விலகியது. முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள்.